முட்டுக்கு ஒரு சுருட்டு

கொக்குவில்
12.2.1993

மச்சான் கதிரவேலு அறிவது,

இங்கே நானும் உமது அக்கா குணலட்சுமியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீர் கொழும்புச் சோறு தின்று கொழுத்திருப்பீர். போன வருடம் அனுப்பின படத்தில் உமது சேட்டுப் பொத்தான் வயிற்றோடு சண்டை பிடிப்பது வடிவாகத் தெரிந்தது. அக்கா அந்தப் படத்தைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கொழுவியிருக்கிறா. கும்பிடுகிற நேரம் எனக்கு ஆள் மாறிப்போகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவன். பிழை பிடிக்காமல் விஷயத்தை மட்டும் வாசியும். கந்தோரில் பிழை பிடிக்கத்தான் உமக்குச் சம்பளம் என்றாலும், இதைச் சம்பளமில்லாத வேலையாக விட்டுவிடும்.

சண்டையில் தெற்குப் பாதை மூடின நாளிலிருந்து சுருட்டுக் கொட்டிலும் மூடிக் கிடக்கிறது. நாங்கள் சுற்றின சுருட்டை ஊதித் தள்ளின ஆட்கள் எல்லாம் தெற்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுருட்டில்லை, எனக்கு வேலையில்லை. சின்ன வயதிலிருந்து சுற்றின கை சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது. பேப்பர் வாசிக்க எடுத்தால் பேப்பரைச் சுற்றுகிறேன். சாப்பிட இருந்தால் வாழையிலையின் ஓரத்தைச் சுற்றுகிறேன். நேற்று, “இஞ்சாருங்கோ, என்ரை சீலைத் தலைப்பை விடுங்கோ” என்று உமது அக்கா கத்தின பிறகுதான் எதைச் சுற்றுகிறேன் என்று பார்த்தேன்.

இனி விஷயம். அக்காவுக்கு முட்டு வருத்தம் கூடிப்போயிற்று. சின்ன வயதிலிருந்து உள்ள இழுப்புத்தான், உமக்குத் தெரியும். இந்த வருடம் பனி தொடங்கினதும் நெஞ்சுக்குள் பஜனைக் கோஷ்டி வைத்த மாதிரிச் சத்தம். ஆஸ்பத்திரியில் மருந்துக் குளிசைக்கு வரிசை. வரிசையின் முன்பாதிக்கே குளிசை முடிந்துவிடுகிறது. நீர் தையில் ஆளிடம் கொடுத்துவிட்டதாக எழுதின குளிசையும் வரவில்லை. எந்தச் சோதனைச் சாவடியில் யாருடைய நெஞ்சு சுகமானதோ தெரியாது.

அப்போதுதான் ஊமத்தை ஞாபகம் வந்தது. நான் வேலை பழகின காலத்தில் கொட்டிலில் ஒரு முட்டுக்காரன் இருந்தான். ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டாகச் சுற்றி மடியில் வைத்திருப்பான். இழுப்பு வந்தால் நாலு இழுவை. பிறகு பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வான். எங்கள் பின்வேலி முழுக்க ஊமத்தை வெள்ளைப் பூவும் முள்ளுக் காயுமாக நிற்கிறது. ஆடுகூட வாய் வைக்காது. இலையைப் பறித்தேன், காயவைத்தேன், சுற்றினேன்.

“உதை நான் வாயிலை வைக்கமாட்டன். ஊர் பாத்தால் என்ன சொல்லும்?”

“ஊர் இப்ப பொம்மர் வருகுதோ எண்டு மேலை பாத்துக்கொண்டு நிக்குது. உம்மை ஆர் பாக்கிறது? பிடியும்.”

நாலு இழுவை. இருமினா. என்னைத் திட்டினா. கொஞ்ச நேரத்தில் திட்டுவதற்கு மூச்சுத் தாராளமாக வந்தது. மாசிப் பனியில் சுவரோடு சாய்ந்திருந்து மூச்சுக்கு அலைகிற மனுஷி, பாயில் நிமிர்ந்து படுத்து நித்திரை கொண்டதைக் கண்ணால் கண்டேன்.

ஆகவே குளிசையை நினைத்து நீர் மெலிய வேண்டாம், மெலிவது உமக்கு நல்லதென்றாலும். சுருட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்கிறோமே என்று உங்கள் வீட்டில் அன்றைக்கு மூக்கைச் சுளித்தீர்கள். அந்தச் சுருட்டுத்தான் இன்றைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையின் மூக்கில் மூச்சு விடுகிறது.

உமது அத்தான்
மார்க்கண்டு


வெள்ளவத்தை
19.3.1993

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. சிரித்துக்கொண்டு வாசித்தேன். ஊமத்தை என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

அது நஞ்சு, அத்தான். என்னோடு வேலை செய்பவரின் தம்பி ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலப்பவர். அவரிடம் போய்க் கேட்டேன். ஊமத்தை இலையிலுள்ள சத்து மூச்சுக் குழாயை விரிக்கும் என்பது உண்மையாம். ஆனால் அதே சத்துத்தான் வாயை உலர்த்தும், இதயத்தைப் படபடக்க வைக்கும், கூடிப்போனால் புத்தியைக் கலக்கும், ஆளையும் கொல்லும். குளிசையில் அளவு இருக்கிறது. இலையில் இல்லை. ஒரு செடியின் இலையில் இருப்பது பக்கத்துச் செடியில் இரண்டு மடங்காக இருக்கலாம். “உங்கடை அத்தான் சுருட்டின்ரை நீளத்தை அளப்பார். உள்ளை இருக்கிற நஞ்சை எதாலை அளப்பார்?” என்று கேட்டார்.

பாதை பூட்டுவதற்குச் சற்று முன்பு நான் ஊருக்கு வந்து, வைத்தியத்துக்காக அக்காவை என்னோடு அனுப்புங்கள் என்று கேட்டது உங்களுக்கு மறந்திருக்காது. “ஏன், நான் செத்துப்போனனோ?” என்று கேட்டீர்கள். நான் சாப்பிடாமலே வெளிக்கிட்டேன். அக்கா வாசல் மட்டும் வந்தா. அதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் கிளறாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. அன்றைக்கு விட்டிருந்தால் இன்றைக்கு அக்கா ஊமத்தை குடிக்க வேண்டி வந்திராது.

குளிசை அனுப்ப மறுபடி ஆள் தேடுகிறேன். கிளாலிக் கடலால் வருகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மருந்து என்றதும் கையை இழுத்துக்கொள்கிறார்கள். அதுவரை எப்படியாவது ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நில்லுங்கள். சுருட்டை நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் பகிடி வேண்டாம்.

கதிரவேலு


கொக்குவில்
3.5.1993

மச்சான் கதிரவேலுவுக்கு,

உமது கடிதத்தை அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். வழக்கமாக அவதான் எனக்கு வாசிப்பா. இந்த முறை, “நீங்களே வாசியுங்கோ, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது” என்றா. வயது போகிறது என்று சொன்னால் கோபம் வருகிறது. அதனால் உமது கையெழுத்து மோசம் என்று சொல்லி ஆளைச் சமாளித்திருக்கிறேன்.

பகிடி வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர். இங்கே மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, சீனி இல்லை. அரசாங்கம் தடை போடாத சாமான் பகிடி ஒன்றுதான், அதையும் நீர் தடுக்கிறீர்.

கேளும், நான் இப்போது பெரிய ஆள். முதலில் பக்கத்து வளவு முருகேசு தன்னுடைய தாய்க்கு என்று ஒன்று வாங்கிப் போனான். பிறகு இணுவிலில் இருந்து இரண்டு பேர். கீரிமலைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் இருக்கிற சனத்தில் பாதிக்கு முட்டு. இப்போது காலையில் வாசல் படலையில் சைக்கிள் மணி. “வைத்தியர் நிக்கிறாரோ?” என்று கேட்கிறார்கள். முதல் நாள் நான் பின்னுக்குத் திரும்பி யாரைக் கேட்கிறார்கள் என்று பார்த்தேன். இரண்டாம் நாள் சால்வை போட்டுக்கொண்டு போனேன். ஒருவரிடமும் காசு வாங்குவதில்லை. நேற்று ஒரு இளம் பெண் என் காலில் விழப்பார்த்தாள். சுருட்டுக்காரனின் காலில், மச்சான். நீர் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

வீடு கொட்டிலாகிவிட்டது. நான் சுற்றுகிறேன், உமது அக்கா இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுக்கிறா. காய்ந்த இலை நொறுங்கும். தண்ணீர் தெளித்து, நல்ல ஈரப்பதத்தில் வைத்துத்தான் கிழிக்க வேண்டும். என்னைக் கட்டின நாளிலிருந்து புகையிலையில் செய்த வேலைதான், அதில் அவவை வெல்ல ஆள் கிடையாது. ஒரு இலை கிழிப்பா, எனக்கு ஒரு பேச்சுக் கொடுப்பா, அந்த ஈரக் கையாலேயே முகத்து வியர்வையைத் துடைப்பா, அடுத்த இலையை எடுப்பா. உமது டிஸ்பென்சரிக்காரருக்குச் சொல்லும்: அவ இப்போது குடிப்பது கால் சுருட்டுக்கும் குறைவு. அதுவும் இழுப்பு வந்தால் மட்டும். மற்றதெல்லாம் ஊருக்கு.

ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. மறைக்க மாட்டேன். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இங்கே மகள் தேவகுமாரியோடு இருக்கிற சிமியோன் அண்ணையை நீர் அறியமாட்டீர். சேர்ச்சில் பாட்டுக்கு முன்னுக்கு நிற்கிற மனுஷன். அவருக்கு ஒன்று கொடுத்தேன். எங்கள் ஆட்களின் பழக்கம் தெரியும்தானே? சுருட்டு எரிந்து முடிந்ததும் அடிக்கட்டையை எறிய மனம் வராது, கன்னக் கொடுப்புக்குள் அடக்கிச் சப்புவார்கள். புகையிலையில் அது சுகம். மனுஷன் இதையும் அப்படியே சப்பி, சாற்றையும் விழுங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தேவகுமாரி ஓடி வந்தாள். “அங்கிள், ஐயா ஒரு மாதிரிக் கதைக்கிறார், கெதியா வாங்கோ.” போனால் மனுஷன் முகம் செக்கச் சிவந்து, கண்மணி நாவல்பழம் மாதிரி விரிந்து, காற்றில் இல்லாத நூலை ஒவ்வொன்றாக எடுத்து மகளின் கையில் கொடுக்கிறார். பிறகு கட்டி நின்ற ஆட்டைப் பார்த்து எழும்பி நின்று, “போதகர் ஐயா, கன நாளாய் எங்கடை பக்கம் வரேல்லை” என்று கதிரை எடுத்துப் போட்டார். ஆடும் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் மத்தியானம்தான் ஆள் தெளிந்தார். இப்போது சுருட்டைக் கொடுக்கும்போதே, “ஊதுறதோடை நிப்பாட்டவேணும், சப்பக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுக்கிறேன். வைத்தியர் என்றால் பத்தியமும் சொல்லத்தானே வேண்டும்.

உமது அக்காவும் இப்போது புதினம் காணத் தொடங்கியிருக்கிறா. ஜாம் போத்தல் விளக்கைப் பார்த்து, “உதைச் சுத்தி வானவில் மாதிரி ஒரு வட்டம் நிக்குது” என்கிறா. “தேங்காயெண்ணெய் விளக்கிலை வானவில் காட்டுற பொம்பிளை யாழ்ப்பாணத்திலை நீர் ஒருத்திதான், ரிக்கற் அடிச்சு வித்தால் கொட்டிலைத் திருப்பித் திறக்கலாம்” என்றேன். தலையிடிக்கிறது என்று எழும்பிப் போய்விட்டா.

உமது அத்தான்
மார்க்கண்டு


வெள்ளவத்தை
8.6.1993

அத்தான்,

இந்தக் கடிதம் கையில் கிடைக்கும்போது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு எழும்புங்கள். அக்காவைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள்.

நீங்கள் பகிடியாக எழுதினீர்கள்: எழுத்து ஓடுகிறது, விளக்கைச் சுற்றி வட்டம், தலையிடி. அந்த வரிகளை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஏனென்று தெரியாமல் மனம் ஒரு இடத்தில் இருக்கவில்லை. கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு ஒரு கண் டொக்டரிடம் போய், எனக்கே அப்படி இருப்பதாகச் சொல்லிக் கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்த்தார், உமக்கு ஒன்றுமில்லை, ஆருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

சிலருடைய கண்ணுக்குள் இருக்கிற நீர் வடிந்து போகிற வழி பிறப்பிலேயே ஒடுக்கமாம். சாதாரணமாகத் தெரியாது. ஊமத்தைச் சத்துக் கண்மணியை விரிக்கும். விரிந்தால் அந்த ஒடுக்கமான வழி அடைபட்டுவிடும். உள்ளே அழுத்தம் ஏறும். விளக்கைச் சுற்றித் தெரிகிற வட்டம் அதன் முதல் அறிவிப்பாம். முழுக்க அடைபட்டால் கடும் தலையிடி, வாந்தி, கண் சிவப்பு. உடனே மருந்து விடாவிட்டால் பார்வை போய்விடும், போனால் திரும்பாது என்றார்.

இதையே மூன்று பிரதி எழுதி மூன்று வழியால் அனுப்புகிறேன். தபாலில் ஒன்று, கடலால் வருகிற இரண்டு பேரிடம் ஒவ்வொன்று. நீங்கள் எந்த நாளில் இதை வாசிப்பீர்களோ. இதை நான் எழுதுகிற நேரமும் அக்கா அந்தப் புகையை இழுத்துக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பில் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி நின்றுதான் எழுதுகிறேன்.

அக்காவின் வாயில் இனி அந்தச் சுருட்டு படக்கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

கதிரவேலு


கொக்குவில்
30.6.1993

மச்சான்,

இதில் பகிடி வந்தால் அது கைப்பழக்கம். பொறுத்துக்கொள்ளும்.

அக்காவின் வலது கண் போய்விட்டது. முதலில் சொல்லிவிட்டேன். இனி எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு காலை தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. வலது பக்கம் பிளக்கிறது என்றா. சத்தி. நான் பித்தம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா, வைத்தியர் அல்லவா, தீர்ப்பே சொன்னேன். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்தேன், தேசிக்காய் தேய்த்துத் தலைக்கு வார்த்தேன். வெளியே படலையில் ஆட்கள் காத்து நின்றார்கள். அவர்களுக்கும் சுருட்டுக் கொடுத்தேன். அடுத்த நாள் கண் இரத்தமாய்ச் சிவந்திருந்தது. “வலப் பக்கத்தாலை பாத்தால் வெளிச்சம் தெரியுது. நீங்கள் தெரியேல்லை” என்றா.

சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். பாதி வழியில் பொம்மர் வந்தது. இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் படுத்தோம். அங்கேயும் சத்தி எடுத்தா. திரும்ப ஏற்றி மிதிக்கிற நேரம் பின்னாலிருந்து, “நீங்கள் ஏன் கதைக்காமல் வாறியள்? நீங்கள் பகிடி விடாட்டித்தான் எனக்குப் பயமாக் கிடக்கு” என்றா. நான் இன்னும் கெதியாய் மிதித்தேன், மச்சான்.

பெரியாஸ்பத்திரியில் கண் டொக்டர் ஒரு பெண் பிள்ளை. எங்களுக்குப் பிள்ளை இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். உடனே கண்ணுக்கு மருந்து விட்டு, குளிசை கொடுத்து, அழுத்தத்தை இறக்கப் பார்த்தா. “என்ன மருந்து பாவிக்கிறனீங்கள்?” என்று கேட்டா. நான் மறைக்கவில்லை, சுருட்டைப் பற்றிச் சொன்னேன்.

“எவ்வளவு குடிக்கிறவ?”

“கால் சுருட்டும் இல்லை. இப்ப கன நாளாய்த் தொடவும் இல்லை.”

அந்தப் பிள்ளை யோசித்தா. டோர்ச் அடித்துத் திரும்பவும் இரண்டு கண்ணையும் பார்த்தா. “புகையாலை எண்டால் ரண்டு கண்மணியும் ஒரே மாதிரி விரியவேணும். வலது மட்டும்தான் விரிஞ்சு நிக்குது.” பிறகு அக்காவின் வலது கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தா. “அம்மா, நீங்கள் இந்தக் கையாலை என்ன வேலை செய்யிறனீங்கள்?”

அக்கா வாயால் சொல்லவில்லை. செய்து காட்டினா. இல்லாத இலையை இடது கையில் பிடித்து, வலது கையால் நரம்பைச் சர்ரென்று கிழித்தா. பிறகு, பழக்கம்தானே, அந்தக் கையாலேயே கண்ணையும் நெற்றியையும் துடைத்தா.

டொக்டர் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தா. ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நீரும் நானும் மாசி மாதம் தொடங்கி எதைப் பற்றிச் சண்டை பிடித்தோம்? அவ வாயில் வைக்கிற புகையைப் பற்றி. அவ அந்தப் புகையைத் தொட்டே கன நாள். படலையில் நிற்கிற ஆட்களுக்கும், என்னை வைத்தியர் என்று கூப்பிடுகிறவர்களுக்கும் இலை கிழித்துக் கொடுத்தா. அந்த ஈரத்தில் ஊறின நஞ்சைத் தன் கையாலேயே தன் கண்ணில் தேய்த்தா. புகையிலையில் இத்தனை வருடம் செய்த வேலை. புகையிலை கண்ணில் பட்டால் எரியும், உடனே கழுவுவோம். ஊமத்தை எரியாது. அதுதான் அதன் கெட்டித்தனம்.

நான் இஞ்சித் தண்ணியில் மினக்கெட்ட நேரம் கண்ணுக்குக் கூடிப்போயிற்றாம். வலப்பக்கம் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் படலையில் உமது கடிதம் செருகியிருந்தது. நின்ற நிலையிலேயே வாசித்தேன். “தம்பி என்ன எழுதியிருக்கிறான்?” என்று அக்கா கேட்டா. “வயிறு இன்னும் பெருத்திட்டுதாம்” என்றேன்.

இன்னும் இருக்கிறது. இடது கண்ணும் அதே ஒடுக்கம்தானாம், ஊமத்தை இல்லாமலும் ஒருநாள் அடைபடலாமாம். கருமணியைச் சுற்றியுள்ள திரையில் சின்னத் துளை ஒன்று போட்டுவிட்டால் பிறகு பயமில்லை என்கிறா டொக்டர். அதற்கு ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து படுக்க வேண்டும். முட்டோடு இவ எப்படிப் படுப்பா? படுத்தால் இழுப்பு, இருமல். இருமினால் கத்தி பிசகும். இனிச் சுருட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் முட்டுக் குளிசை இல்லை.

நான் என்ன செய்ய, மச்சான்?

மார்க்கண்டு


வெள்ளவத்தை
24.7.1993

அத்தான்,

உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இன்னொன்றும் எழுதிக் கிழித்தேன். இது அனுப்பக்கூடியது.

குளிசை வருகிறது. பாஷையூரைச் சேர்ந்த கனிசியஸ் என்பவர் கொண்டு வருகிறார். தாயின் செத்தவீட்டுக்குக் கொழும்புக்கு வந்து, இப்போது திரும்பிப் போகிறார். தகர மா ரின் ஒன்றின் அடியில் குளிசையை வைத்து, மேலே மா நிரப்பிக் கொடுத்தேன். எப்படிக் குடிக்க வேண்டும் என்று துண்டில் எழுதி அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். கத்தி வைக்கிற நாளுக்கு முன்பே தொடங்க வேண்டுமாம். ஒரு குளிசைகூட வீணாகக்கூடாது. அடுத்த ஆள் எப்போது கிடைப்பார் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்று. உங்கள் படலைக்கு வந்து போனவர்களின் வீடுகளில் இன்னும் எத்தனை சுருட்டு இருக்கும்? அந்த வீடுகளில் கண் ஒடுக்கமானவர் யார், நெஞ்சு பலவீனமானவர் யார், சிமியோன் அண்ணை மாதிரிச் சப்புகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அக்காவின் கண்ணோடு இது முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லுங்கள், நான் அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று. வயிற்றைப் பற்றிய பொய்யை அக்கா நம்பியிருக்கமாட்டா.

கதிரவேலு


கொக்குவில்
14.9.1993

மச்சான் கதிரவேலு அறிவது,

மா ரின் வந்தது. கனிசியஸ் தலையில் வைத்துக்கொண்டு கடல் கடந்தாராம். வள்ளம் அரைவாசி தண்ணீர், பக்கத்து வள்ளத்துக்கு என்ன நடந்தது என்று தான் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

நீர் சொன்னபடி வீடு வீடாகப் போனேன். அதற்கு முன்பு பின்வேலி ஊமத்தை முழுவதையும் கையில் உரப்பை சுற்றிக்கொண்டு பிடுங்கி, கிடங்கு வெட்டித் தாட்டேன். எரிக்கலாம் என்றான் முருகேசு. எரித்தால் கொக்குவில் முழுக்க ஆட்டுக்குக் கதிரை போடும் என்றேன்.

சுருட்டைத் திருப்பித் தாருங்கோ என்று கேட்டுப் போவது, கொடுக்கப் போனது மாதிரி இல்லை. சிலர் தந்தார்கள். சிலர் சிரித்தார்கள். “நல்ல பகிடிதான் மார்க்கண்டு அண்ணை” என்று தோளில் தட்டி அனுப்பினார்கள். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் இருக்கிற செல்வநாயகி என்று ஒரு பிள்ளை, என் காலில் விழப்பார்த்த அதே பிள்ளை, “உங்களுக்குக் கொழும்பிலை இருந்து மருந்து வந்திட்டுது. இனி எங்கடை மூச்சைப் புடுங்க வந்திட்டியளோ?” என்றாள். சுருட்டு இல்லை என்று சத்தியம் பண்ணினாள். அரிசிப் பானைக்குள் இருப்பது எனக்குத் தெரிந்தது. பானைக்குள் கைவிட எனக்கு என்ன உரிமை? ஊமத்தை மூச்சைத் திறக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்தானே. அது பொய்யென்றால் லேசாக இருந்திருக்கும், மச்சான். அது உண்மை. அதனால்தான் ஒருவரும் விடமாட்டேன் என்கிறார்கள்.

கத்தி வைக்க நாள் குறித்திருந்தார்கள். அக்கா குளிசை குடிக்கத் தொடங்கினா. இரண்டாம் நாளே நெஞ்சில் சத்தம் குறைந்தது. அந்த நேரம் பார்த்துச் சிமியோன் அண்ணையைத் தேவகுமாரி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதடு நீலம். என்னிடம் சுருட்டு இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் வேறு எங்கே போவார்? நான் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அக்கா உள்ளே போய்க் குளிசை அட்டையைக் கொண்டுவந்தா.

“கத்தி வைக்க முந்தி உமக்கே காணாது” என்றேன். “ஒண்டும் வீணாக்க வேண்டாமாம் தம்பி.”

“அவரின்ரை மூச்சு என்ன வீணோ? நீங்கள் குடுத்தது புகை. நான் குடுக்கிறது குளிசை. தள்ளுங்கோ.”

அட்டையைக் கத்தரித்துப் பாதி கொடுத்தா. உமக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. மிச்சக் குளிசையைக் குறைத்துக் குறைத்துக் குடித்தா. கத்தி வைக்கிற அன்று பயத்தில் எனக்குத்தான் முட்டு வந்த மாதிரி இருந்தது. டொக்டர் பிள்ளை முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்து, அரைவாசி சாய்ந்த மாதிரி வைத்து வேலையை முடித்தா. அக்கா ஒருக்காலும் இருமவில்லையாம். வெளியில் வந்ததும், “உங்களாலை எண்டால் உவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு கிடக்க ஏலுமோ?” என்று என்னைக் கேட்டா. கட்டு அவிழ்த்தாயிற்று. இடது கண் தெரிகிறது. கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி வேண்டும் என்கிறார்கள், அது பிறகு.

நீர் சொன்னபடி அந்தக் கடிதத்தை அவவுக்கு முழுக்க வாசித்தேன். கேட்டுவிட்டு, “நிண்டுகொண்டே எழுதினவன்? கால் நொந்திருக்கும்” என்றா.

ஆனால் அதற்குப் பிறகும் படியிறங்கவில்லை. வலது கண் இப்போது சாம்பல் பூத்து, ஒரு பக்கம் இழுத்து நிற்கிறது. செத்தவீட்டுக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, ஆள் வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவா. நானும் முகம் பார்க்கிற கண்ணாடியை மறைத்து வைத்தேன்.

போன கிழமை காலை படலையில் சைக்கிள் மணி. “வைத்தியர் நிக்கிறாரோ?” யாரோ கோண்டாவில் ஆட்கள், இன்னும் கதை தெரியாதவர்கள். நான் குசினிக்குள் ஒளித்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒளித்தேன். திரும்பத் திரும்பச் சொல்லி என் வாய் அலுத்துவிட்டது, ஒருவரும் நம்புகிறதும் இல்லை. அப்போது அக்கா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தால் போவதைக் கண்டேன். படலையைத் திறந்து, ஒழுங்கைப் பக்கம் பார்க்கக் கதிரையைப் போட்டு, முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு இருந்தா.

“வைத்தியர் இல்லை. நான் நிக்கிறன். கிட்ட வந்து பாருங்கோ.”

அவர்கள் கிட்ட வரவில்லை. நின்ற இடத்தில் நின்று பார்த்தார்கள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து விடிந்தால் கதிரை படலையில்தான். ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போகிறார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். நேற்றுச் செல்வநாயகி வந்தாள். கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சீலை மடிப்பிலிருந்து இரண்டு சுருட்டை எடுத்து, மடியில் போடாமல், காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியான வெயிலில் நான் போய், “உள்ளை வாரும், போதும்” என்று கூப்பிட்டேன்.

“நீங்கள் போய்ச் சொன்னால் பகிடி எண்டு நினைப்பினம்” என்றா. “என்னைப் பாத்தால் நினைக்கமாட்டினம்.”

பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

குளிசைக்கு ஆள் கிடைத்தால் இந்த முறை இரண்டு மடங்காக அனுப்பும், சிமியோன் அண்ணைக்கும் அந்தச் செல்வநாயகிப் பிள்ளைக்கும் சேர்த்து. அதோடு ஒரு குடை. படலையில் நிழல் இல்லை.

மார்க்கண்டு